இசைக் கலைஞர்களை வெளியிடத்தில் படமெடுக்க: வாத்தியத்திலிருந்து தொடங்குங்கள்

சாஸ்திரிய இசைக் கலைஞரை வெளியே அழைத்துப் போய் விளம்பரத்துக்குப் படமெடுப்பதும் வழக்கமான போர்ட்ரெய்ட் எடுப்பதும் ஒன்றுதான் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். முதலாவது, கூடவே வரும் வாத்தியம். மரம், தோல், மெழுகு, பசை, மூங்கில் என்று வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஆகாத பொருட்களால் ஆனது அது. இரண்டாவது, அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவர்கள். விழா அமைப்பாளர், சக கலைஞர், மாணவர் என்று விரல் எங்கே இருக்க வேண்டும், வில் எப்படிப் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் கையில்தான் அது முதலில் போய்ச் சேரும். முகம் எவ்வளவு நன்றாக விழுந்திருந்தாலும், இடது கை பொய்யாக இருந்தால் அவர்கள் கண் அங்கேயே நின்றுவிடும். அதனால் இடம், நேரம், லென்ஸ் மூன்றையும் வாத்தியத்தை வைத்தே முடிவு செய்வது நல்லது. வாத்தியத்துக்கு ஒத்துவருகிற நிழலும் மெல்லிய வெளிச்சமும் முகத்துக்கும் ஒத்துவரும் என்பதால் இதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கிளம்புவதற்கு முன்பு கேட்க வேண்டியவை

படம் எங்கெல்லாம் போகப்போகிறது என்று கலைஞரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரொட்டி, இணையதளத்தின் தலைப்புப் பட்டை, நிகழ்ச்சி நிரல் புத்தகம், சமூக ஊடகத்தில் சின்ன வட்டத்துக்குள் வரும் முகப்புப் படம் என ஒவ்வொன்றுக்கும் வடிவம் வேறு. 24 மெகாபிக்சல் கேமரா கொடுக்கும் படம் பெரும்பாலும் 6000க்கு 4000 பிக்சல். ஏ3 சுவரொட்டியை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால் இது தாராளமாகக் கிடைக்கும். கிடைமட்டமாக எடுத்துவிட்டு பிறகு செங்குத்தாக வெட்டினால் மிஞ்சுவது 2828க்கு 4000தான். அச்சில் அது அங்குலத்துக்குச் சுமார் 240 புள்ளியாக இறங்கிவிடும். ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் வடிவமைப்பாளர் அதற்கு மேலும் கொஞ்சம் வெட்டினால் கதை முடிந்தது. எனவே ஒவ்வொரு நிலையையும் செங்குத்தாகவும் கிடைமட்டமாகவும் தனித்தனியே எடுத்துவிடுங்கள்.

இணையதளப் பட்டை பெரும்பாலும் 3க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். கிடைமட்டப் படத்தில் மேலும் கீழும் சேர்ந்து பாதி உயரம் அதில் போய்விடும். முகமும் வாத்தியமும் சட்டத்தின் நடுப் பாதிக்குள் அடங்கும்படி, பின்னால் தள்ளி நின்று இதற்கென்றே சில படங்கள் எடுக்க வேண்டும். வட்ட முகப்புப் படத்துக்கு நேர் எதிரான தேவை: முகமும் கன்னத்தருகே வாத்தியத்தின் ஒரு முனையும் மட்டும் தெரிகிற நெருக்கமான படம். முழு வீணையோடு எடுத்த படத்தை அந்த வட்டத்துக்குள் திணித்தால் ஒரு பழுப்புத் திட்டுதான் தெரியும்.

எழுத்துக்கு இடம் விடுவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எந்தப் பக்கம் விடுவது என்பதில்தான் கோட்டை விடுவார்கள். கலைஞர் எப்போதும் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும் படங்களையே கொடுத்தால், எழுத்தை மறுபக்கம் வைக்க நினைக்கும் வடிவமைப்பாளர் படத்தையே கண்ணாடி பிம்பம்போலத் திருப்பிவிடுவார். ஒரே சொடுக்கில் வயலின் வலது தோளுக்கு மாறிவிடும். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கும் முகம், இடப்பக்கம் போய்விடும். பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் போல உண்மையிலேயே இடக்கையால் வாசித்த பெரிய வித்வான்கள் உண்டு. அப்படி இல்லாதவரை அப்படிக் காட்டினால் சக கலைஞர்கள் சிரிப்பார்கள். இதைத் தடுக்க ஒரே வழி, நீங்களே கலைஞரைச் சுற்றி வந்து இடது பக்கம் இடம் விட்டு ஒன்று, வலது பக்கம் இடம் விட்டு ஒன்று என்று கொடுத்துவிடுவது. சட்டை, புடவைத் தலைப்பு, பொத்தான் வரிசை எல்லாமே திருப்பிப்போட்ட படத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் அனுப்பும்போது ஒரு வரி எழுதிவிடலாம்.

எந்த வாத்தியத்துக்கு என்ன ஆகும்

வீணையை நேரடி வெயிலில் வைக்கவே கூடாது. அதன் 24 பித்தளை மெட்டுகளும் (தந்திக்கு அடியில் வரிசையாக நிற்கும் குறுக்குக் கம்பிகள்) கறுப்பு மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. மெழுகு இளகினால் மெட்டு அசையும், அசைந்தால் சுருதி போகும், மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் மெழுகில் பதிக்க, தேர்ந்த கை வேண்டும். கறுப்பு நிறம் என்பதால் மெழுகு சீக்கிரம் சூடேறும். பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீணைக்கு மர நிழல் போதாது, கட்டட நிழல்தான் சரி. மர நிழலில் இலைகளுக்கு நடுவே விழுகிற வெயில் துண்டுகள் வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். படத்திலும் அது புள்ளி புள்ளியாகத் தெரிந்து மெட்டுகளின் வரிசையைக் கெடுக்கும்.

வயலின், செல்லோ குடும்பத்தில் பலகைகளை ஒட்டியிருப்பது விலங்குப் பசை. பழுது பார்க்கும்போது பிரிக்க முடிய வேண்டும் என்பதற்காகவே அந்தப் பசையைப் போடுகிறார்கள். அதனால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது விட்டுக்கொடுத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது மரத்துக்கு நல்லது. அதற்குக் கீழே போனால் வெடிப்பு, மேலே போனால் உப்பல். வார்னிஷ் சூட்டில் இளகி, பெட்டியின் துணி அச்சு அதில் பதிந்துவிடுவதும் உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும் என்பதால், இடைவேளையில் வாத்தியத்தைக் காரில் வைத்துப் பூட்டுவதைவிட நிழலில் பெட்டிக்குள் வைத்து ஓர் ஆளைக் காவலுக்கு உட்காரவைப்பது நல்லது. வில்லின் முடி வறண்ட சூட்டில் சுருங்கி இழுக்கும். முறுக்கிய வில்லை அப்படியே வைத்திருந்தால் நுனிப் பக்கம் மரம் உடையக்கூடும். ஒவ்வொரு இடைவேளையிலும் தளர்த்தச் சொல்லுங்கள். மறுபடி எடுக்கும்போது முறுக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். தளர்ந்த வில்லோடு வாசிப்பதுபோல எடுத்த படம் பயன்படாது.

மிருதங்கத்தின் தோல் வெயிலில் இறுகிச் சுருதி ஏறும், ஈரத்தில் இறங்கும். அதைவிட, வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டமான கரணையில் வெடிப்பு விடும் என்பதுதான் வித்வான்களின் கவலை. இடது கை வாசிக்கும் முகமான தொப்பியில் ரவை தடவியிருந்தால் அது வெளிக்காற்றில் சீக்கிரம் காய்ந்து வெள்ளையாக உதிரும். தடவிய உடனே எடுங்கள், அல்லது படத்துக்கு ரவையே இல்லாமல் வைத்துக்கொள்ளலாமா என்று அவரையே கேளுங்கள். மூங்கில் குழல் வெயிலில் விரிசல் விடும். நாகஸ்வரத்தில் உடல் பகுதியைவிட, வாயில் வைத்து ஊதும் சீவாளிதான் நொய்யது. உபரிச் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவது படத்துக்கு அழகு என்று அப்படியே விட்டுவிடாமல், சிக்கில்லாமல் ஒழுங்காகத் தொங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். கடத்துக்கு வெயில் பெரிய பிரச்சினை இல்லை. கல் தரையில் வைக்கும்போது கீழே ஏதாவது விரித்தால் போதும்.

கடற்கரைப் படம் எல்லோரும் கேட்பது. உப்புக் காற்று எஃகுத் தந்தியைத் துருவேற்றும், மணல், தந்தியை முறுக்கும் பிருடைக்குள் புகுந்தால் சுருதி கூட்டும்போதெல்லாம் கரகரவென்று அரைக்கும். பிடிவாதமாகக் கடல் வேண்டும் என்றால், பயிற்சிக்கு வைத்திருக்கும் வேறு வாத்தியத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் கலைஞரின் சொந்த வாத்தியம் அவரைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்குத் தெரியும் என்பதால், முக்கியமான படங்களை அதோடு வேறிடத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்சாதனக் காரிலிருந்து இறக்கியதும் பெட்டியைத் திறக்க வேண்டாம். 20, 30 நிமிஷம் மூடியபடியே நிழலில் இருக்கட்டும். உங்கள் லென்ஸுக்கும் இதே மரியாதை உண்டு. உடனே எடுத்தால் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோலப் பனி படரும். அந்த நேரத்தில் கலைஞர் சுருதி சேர்க்கட்டும் என்று சொல்லத் தோன்றும். அதற்கும் பெட்டி திறக்க வேண்டுமே, ஆகவே அப்போது துணி, தலைமுடி, உட்காரும் இடம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். சுருதி சேர்க்கத் தனியாகப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். சுருதி சேராத வாத்தியத்தோடு உட்கார்ந்திருக்கும் கலைஞரின் முகத்தில் அந்த எரிச்சல் அப்படியே தெரியும்.

வாத்தியத்தைக் கலைஞரைத் தவிர யாரும் தொடக்கூடாது. கொஞ்சம் நகர்த்த வேண்டுமானாலும் வாயால் சொல்லுங்கள். வயலின் வில்லின் முடியில் விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டி அந்த இடத்தில் ஒலி வழுக்கும் என்பது உதவியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நேரம், வெளிச்சம்

காலையும் மாலையும் நல்லது என்பது தெரிந்ததே. எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும், மணிக்கு 15 டிகிரி வீதம். அடிவானத்துக்கு 6 டிகிரி மேலே இருக்கும் சூரியன் மறையச் சுமார் 24 நிமிஷம்தான். அந்த 24 நிமிஷத்தை நம்பி நாலு பேர் கொண்ட குழுவை உட்காரவைக்க முடியாது. முக்கியமான படங்களை அதற்கு முன்பே கட்டட நிழலில் முடித்துவிட்டு, தங்க வெளிச்சத்தை உபரியாக வைத்துக்கொள்வதுதான் சரியான வரிசை.

நிழலில் நிற்கவைக்கும்போது நிழலின் விளிம்புக்கு அருகே, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். உள்ளே தள்ளிப் போகப்போக வெளிச்சம் தட்டையாகி, கண்ணில் இருக்கும் பொட்டு வெளிச்சமும் போய்விடும். மேகமூட்டத்தில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்கும். கண்குழிகள் கறுக்கும். மார்பு உயரத்தில் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டர் பிடித்தால் சரியாகும். வெள்ளி நிறம் கண்ணைக் கூசவைக்கும், தங்க நிறம் தோலைக் காவியாக்கி வார்னிஷைச் செங்கல் நிறத்துக்குக் கொண்டுபோகும். பச்சைப் புல் மேல் உட்கார்ந்தால் தாடைக்குக் கீழும் வெள்ளைத் துணியிலும் பச்சை ஏறும். சட்டத்துக்கு வெளியே புல்லின் மேல் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துவிட்டால் பாதிப் பச்சை குறையும்.

எக்ஸ்போஷரை வெள்ளைத் துணிக்கும் ஜரிகைக்கும் வைத்துக்கொண்டு, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுங்கள். முகத்தைப் பிறகு ஏற்றலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. சிவப்புப் பட்டு, மாலை வெயில், சிவந்த வார்னிஷ் மூன்றும் சேர்ந்தால் சிவப்புச் சேனல் மட்டும் நிறைந்து வழியும். சாதாரண ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச அளவு வரைபடம்) அதைக் காட்டாது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் சாம்பல் அட்டையோடு ஒரு படம் எடுத்துவைத்தால் மரத்தின் நிறத்தைப் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை. தன் வாத்தியத்தின் நிறம் மாறியிருந்தால் முதலில் கண்டுபிடிக்கிறவர் அதை வாசிக்கிறவர்தான்.

பளபளப்பு

வெளியிடத்தில் அதிக நேரம் தின்பது இதுதான். வயலினின் மேல்பலகை லேசாகக் குவிந்த கண்ணாடி மாதிரி. வானம் அதில் விழுந்தால் எஃப் வடிவத் துளைகளுக்கு நடுவே ஒரு நீலம் கலந்த வெள்ளைப் படலம் தெரியும். மரத்தின் ரேகை முழுக்க அதற்குள் ஒளிந்துகொள்ளும். கேமராவை நகர்த்துவதற்கு முன்பு வாத்தியத்தைச் சாய்த்துப் பாருங்கள். சுருள் முனையை இரண்டு விரற்கடை இறக்கச் சொன்னால் போதும், அந்தப் படலம் பலகையின் ஓரத்துக்கு வழிந்துபோய் ஒரு மெல்லிய கோடாக நிற்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அந்தக் கோடு இருக்கட்டும். பளபளப்பே இல்லாத வார்னிஷ் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். பலகையின் வளைவைக் காட்டுவதே அந்தக் கோடுதான்.

லென்ஸின் முன்னால் மாட்டித் திருகும் போலரைசர் ஃபில்டர் பளபளப்பைக் குறைக்க உதவும், ஆனால் எல்லாக் கோணத்திலும் இல்லை. பலகையின் பரப்போடு ஏறத்தாழ 35 டிகிரி சாய்வாக நீங்கள் பார்க்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். நேருக்கு நேர் பார்த்தால் பிரயோஜனம் கொஞ்சம்தான். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). முழுக்கத் திருகினால் தோலின் உயிர்ப்பும் சேர்ந்து போய் முகம் மாவு பூசியதுபோல ஆகும். பாதியில் நிறுத்துங்கள். உலோகத்தின் பளபளப்பை போலரைசர் குறைக்காது. வெள்ளிக் குழல், பிரெஞ்சு ஹார்ன், நாகஸ்வரத்தின் கீழ்முனையில் விரியும் பித்தளை அணசு போன்றவற்றில் எதைப் பிரதிபலிக்கவைப்பது என்றுதான் யோசிக்க வேண்டும். ஒரு பெரிய வெள்ளைத் துணியை உலோகத்துக்கு எதிரே பிடித்தால் அதன் மேல் பால் மாதிரி ஓர் ஒழுங்கான வெளிச்சம் படரும். துணியின் ஓரத்தில் கறுப்பு அட்டை ஒன்றைச் சேர்த்தால் குழாயின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. செல்லோவின் முதுகிலும் ஹார்னின் வாயிலும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நிற்பதை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின் மரத்தில் படிந்திருந்தால், அந்தத் தூளை எடுக்கும் முன்பே துடைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டு வெயிலில் அது திருநீறு கொட்டியதுபோலப் பளிச்சென்று தெரியும். பிருடைகளுக்கு மேலே சுருண்டு நிற்கும் தந்தி முனைகளும் அப்படித்தான். ஆனால் வெட்டலாமா கூடாதா என்பது கலைஞர் முடிவு.

லென்ஸ், தூரம், கூர்மை

பின்னணி கரைய வேண்டும் என்று லென்ஸின் துளையை எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து எடுக்கும் வழக்கம் இங்கே காலை வாரும். முழுச் சட்டக் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8ல் வைத்து 2 மீட்டரில் நின்றால், கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. முழு அளவு வயலினின் நீளமோ ஏறக்குறைய 60 செ.மீ. கண் கூர்மையாக இருக்கும், விரல் பஞ்சாகிவிடும், சுருள் முனை என்னவென்றே தெரியாது. அதே லென்ஸில் 3 மீட்டருக்குத் தள்ளிப் போய் எஃப் 4 வைத்தால் 30 செ.மீ. கிடைக்கும்; எஃப் 8 வைத்தால் 60 செ.மீ., வயலின் முழுக்க அடங்கிவிடும். எஃப் 8ல் பின்னணி தெளிவாகத் தெரியுமே என்றால், பின்னணியைத் தூரத்தில் வையுங்கள். கலைஞருக்குப் பின்னால் 15, 20 மீட்டர் காலியாக இருக்கும் இடமாகப் பார்த்துக்கொண்டால் எஃப் 8லும் இலைகள் கரையும். இன்னொரு வழி, வாத்தியத்தைக் கேமராவின் முகத்துக்கு இணையாகத் திருப்புவது. முகம், இடது கை, பலகை மூன்றும் ஏறக்குறைய ஒரே தளத்துக்கு வந்தால் எஃப் 4 போதும்.

35 மி.மீ. போன்ற அகல லென்ஸோடு பக்கத்தில் போனால் கேமராவுக்கு அருகில் உள்ள முனை ஊதும். வீணையில் குடம் பூசணிக்காய் அளவாகி, மறுமுனையில் செதுக்கிய யாளி முகம் எங்கோ தூரத்தில் சின்னதாகத் தெரியும். 70 முதல் 135 மி.மீ. வரை பாதுகாப்பான எல்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பவரை நின்றபடி எடுப்பது மிகப் பழகிப்போன தவறு. தலை பெரிதாகி, கால்கள் சுருங்கி, வாத்தியம் மடியில் கிடக்கும் பொம்மை போல ஆகும். கேமராவைக் கலைஞரின் மார்பு உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 50, 60 செ.மீ. அளவுக்கு இறக்குங்கள். கர்நாடக வயலினில் சுருள் முனை வலது காலின் மேல் நிற்கும். நேர் எதிரே உட்கார்ந்தால் அந்த முனையும் பாதமும்தான் முன்னால் துருத்தும், ஆகவே 45 டிகிரி பக்கவாட்டில் போய்விடுங்கள்.

ஷட்டர் 1/250 பெரும்பாலானவற்றுக்குப் போதும். மிருதங்கம், தவில் வாசிக்கும் கையை நிறுத்த 1/500க்கு மேல் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் உறையவைக்க வேண்டியதில்லை. ட்ரைபாட்டில் வைத்து 1/60ல் எடுத்தால் முகம் தெளிவாகவும் விரல்கள் லேசாகக் கலைந்தும் இருக்கும். பத்தில் ஒன்றுதான் தேறும். தேறிய அந்த ஒன்று சுவரொட்டிக்குப் போகும்.

வெயிலில் ஃப்ளாஷ் போடும்போது எல்லோரும் முட்டிக்கொள்ளும் கணக்கு இது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 4 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/1600 ஆகும். பெரும்பாலான கேமராக்களின் ஃப்ளாஷ் ஒத்திசைவு வேகம், அதாவது ஃப்ளாஷ் வெளிச்சம் சட்டம் முழுக்க விழுகிற அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200, 1/250 அளவில்தான். அதிவேக ஒத்திசைவு போட்டால் ஃப்ளாஷின் பலம் வெகுவாகக் குறைந்து பாட்டரி தீர்ந்துகொண்டே போகும். வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டினால் 1/1600 நேராக 1/200க்கு வந்துவிடும், ஃப்ளாஷ் முழு பலத்தோடு வேலை செய்யும். காற்றடித்தால் குடையும் சாஃப்ட்பாக்ஸும் பாய்மரம்தான். ஸ்டாண்டின் காலில் 5 முதல் 7 கிலோ மணல் மூட்டை கட்டுங்கள். ஸ்டாண்ட் விழுந்தால் வாத்தியத்தின் மேல் விழாத தூரத்தில் அது இருக்க வேண்டும். அவ்வளவு தள்ளி வைத்தால் வெளிச்சம் போதாது என்றால் ஸ்டாண்டையே விட்டுவிட்டு ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கை, விரல், வில்

வாசிப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாதீர்கள். வாசிக்கச் சொல்லுங்கள். கைபேசியில் சுருதி போட்டுவிட்டு, மெதுவான காலத்தில் ஏதாவது வாசிக்கச் சொன்னால் விரலும் தோளும் தாமாக இடத்துக்கு வந்துவிடும். பாவனைக்கு வைத்த இடது கையில் விரல்கள் தந்தியின் மேல் மிதக்கும், அழுத்தம் இருக்காது, நகத்தடியில் வெளுப்பு வராது. படத்தைப் பெரிதாக்கினால் இது நன்றாகவே தெரியும்.

வில் பிரிட்ஜுக்கும் விரல் பலகைக்கும் நடுவில், தந்திக்குக் குறுக்காக 90 டிகிரியில் இருக்க வேண்டும். விரல் பலகையின் மேல் ஏறிய வில், சாய்ந்து கோணலான வில், தந்தியைத் தொடாமல் நிற்கும் வில் மூன்றும் கழிக்க வேண்டியவை. வில்லின் நுனியை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிய சட்டம் கண்ணை உறுத்தும். முழுக்க உள்ளே விடுங்கள் அல்லது தாராளமாக வெட்டுங்கள். வில்லின் நடுப்பகுதி தந்தியில் இருக்கும் தருணத்தில் முழங்கை அழகாக மடிந்திருக்கும், செங்குத்துப் படத்திலும் அடங்கும்.

குழலில் துளைகள் முழுக்க மூடியிருக்கின்றனவா, உதடு இறுகாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிருதங்கத்தில் இரண்டு கையும் ஒரே சமயத்தில் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும் படம் உயிரில்லாமல் இருக்கும். ஒரு கை எழும்பி ஒரு கை விழும் நேரம் வேண்டும். செல்லோவின் கீழ் ஊசி கல்லில் வழுக்கும், புல்லில் இறங்கும். ஒரு சின்ன மரத்துண்டோ ரப்பர் வில்லையோ அடியில் வைத்து, அது தெரியாத கோணத்தில் எடுங்கள்.

பாடகருக்குக் கையில் ஒன்றும் இல்லை. அதனாலேயே கஷ்டம். ‘ஆ’காரத்தில் வாய் அகலத் திறந்த உச்சம் பல் மருத்துவரிடம் காட்டுவதுபோல வந்துவிடும். ‘ஈ’யில் உதடு இழுபடும். ஒரு வரி தொடங்குகிற நொடி, அல்லது முடிந்து மூச்சு எடுக்கும் முன்புள்ள நொடிதான் நன்றாக அமையும். விநாடிக்கு ஐந்தாறு படம் வேகத்தில் அந்த இடங்களில் மட்டும் சின்னச் சின்னத் தொடர்களாக எடுங்கள். கண் மூடிப் பாடும் படம் ஒன்றிரண்டு இருக்கட்டும். பத்திரிகைகள் பெரும்பாலும் கண் திறந்ததைத்தான் கேட்கும். பாடாமல், பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தவைதான் பாடகர்களுக்குக் கடைசியில் அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு.

குழுவாக எடுக்கும்போது மேடை வரிசையை விட்டுவிடலாம். ஆனால் வாசிப்பதுபோல உட்காரவைத்தால் வரிசையும் சரியாக இருக்க வேண்டும். கர்நாடகக் கச்சேரி அமைப்பில் வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். வலந்தலை ரசிகர்கள் பக்கம் திரும்பியிருக்கும். இதை மாற்றி உட்காரவைத்தால் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள்.

இடமும் பின்னணியும்

கரும்பழுப்பு வாத்தியத்தைக் கரும்பச்சை மரங்களுக்கு முன்னால் வைத்தால் பிருடைகளும் சுருள் முனையும் காணாமல் போய்விடும். பின்னாலிருந்து சூரியனோ ஒரு சின்ன ஃப்ளாஷோ விளிம்பில் ஒளிக்கோடு போட்டால்தான் பிரியும். அல்லது பின்னணியை வெளிர்ச் சுவராக மாற்றுங்கள். தலைக்குப் பின்னால் கம்பம் முளைக்காமல் பார்ப்பது எல்லோரும் செய்வது. சுருள் முனைக்கும் வில் நுனிக்கும் பின்னால் கிளை முளைக்காமல் பார்ப்பதைத்தான் மறந்துவிடுவார்கள். ரயில் தண்டவாளத்தில் செல்லோ, வயல் நடுவே நாற்காலி இரண்டும் தேய்ந்துபோன யோசனைகள். தண்டவாளம் ஆபத்தும்கூட.

தரையில் உட்காரும் கலைஞருக்கு 4 அடிக்கு 4 அடி ப்ளைவுட் பலகை ஒன்றைக் கொண்டுபோய் அதன் மேல் ஜமக்காளம் விரியுங்கள். மேடுபள்ளத்தில் உட்கார்ந்தால் தோள் ஒரு பக்கம் சரியும், வீணை மடியில் நிற்காது. விரிக்கும் முன்பு எறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் உட்காரவைத்தால் ஐந்தாவது நிமிஷத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். பழைய கோயில்கள், கோட்டைகள், பூங்காக்கள் பலவற்றில் கைக் கேமராவுக்கு ஒரு விதி, ட்ரைபாடுக்கும் லைட் ஸ்டாண்டுக்கும் வேறு விதி இருக்கும். அனுமதியை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

கோப்புகளை ஒப்படைப்பது

கழுத்தில் வயலின் பதிந்த தழும்பு, விரல் நுனியில் காய்ப்பு, வாத்தியத்தில் தேய்ந்த இடம் ஆகியவற்றைக் கேட்காமல் அழிக்காதீர்கள். பலருக்கு அவை பெருமை, சிலருக்கு வேண்டாம். பருவையும் வியர்வையையும் நீக்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு அளவில் கொடுங்கள். அச்சுக்கு முழு அளவு, இணையத்துக்கு நீளப் பக்கம் 2000 பிக்சல் அளவில் எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில். கோப்புப் பெயரிலேயே கலைஞர் பெயர், வாத்தியம், ஆண்டு வந்துவிட வேண்டும். கேமரா கொடுத்த எண்ணோடு அனுப்பினால் விழா அலுவலகத்தில் ஐம்பது கோப்புகளுக்கு நடுவே யாருடைய படம் எது என்று தெரியாமல் மாற்றிப் போட்டுவிடுவார்கள். படமெடுத்தவர் பெயரையும் கலைஞர் பெயரையும் கோப்பின் உள்விவரத்திலும் எழுதுங்கள். யார் யார் பயன்படுத்தலாம் என்பதும் முதலிலேயே எழுத்தில் இருக்கட்டும். விளம்பரப் படத்தை விழா அமைப்பாளர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கலைஞர் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் உங்களிடம் கேட்க வேண்டும் என்று வைத்தால் அவர் பழைய கைபேசிப் படத்தையே அனுப்பிவிடுவார். ஒலித்தட்டு உறை, விற்பனைக்கான பொருட்கள் போன்றவற்றுக்குத் தனி உடன்பாடு என்று ஒரு வரி போதும். படத்தைத் திருப்பிப்போடக் கூடாது என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.